வீட்டு விலைக்குள் ஒரு பள்ளிக் கட்டணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுப் பள்ளியில் ஒரு குழந்தையைச் சேர்ப்பதற்குச் சம்பளம் கிடையாது. சாதாரணமான தொடக்கப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வோ, நன்கொடையோ, பெரிய மனிதரின் சிபாரிசோ தேவையில்லை. பெற்றோர் நிரூபிக்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பள்ளிக்கென்று வகுத்திருக்கும் எல்லைக்குள் தாங்கள் குடியிருக்கிறோம் என்பது. வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ ஒன்று, அண்மையில் வந்த மின்சார ரசீதோ தண்ணீர் ரசீதோ ஒன்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி போட்ட அத்தாட்சி ஆகிய இவற்றைக் கொண்டுபோய் அலுவலக மேஜைமேல் வைத்தால், எழுத்தர் முகவரியைச் சரிபார்த்துப் பெயரைப் பதிந்துகொள்வார். இத்தனை சுலபமான ஏற்பாடு உள்ள தேசத்தில், நாலு வயதுக் குழந்தையை வைத்திருக்கும் தம்பதிகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருத்தெருவாக வீடு பார்த்து, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, சக்திக்கு மீறிய விலை கொடுக்கத் துணிவது ஏன் என்று கேட்டால், அதற்கு விடை இதுதான்: இலவசமான அந்தப் பள்ளிக்கும் ஒரு கட்டணம் உண்டு, அது வீட்டின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

நம் ஊர்களிலிருந்து சென்று கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட், கூப்பர்டினோ, நியூ ஜெர்ஸியின் எடிசன், டெக்சாஸின் பிளேனோ, ஃபிரிஸ்கோ முதலிய இடங்களில் குடியேறியிருப்பவர்கள் வீடு வாங்கும் படலத்தை இங்கிருந்தபடியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பேச்சில் பாதி விளங்குவதில்லை. "ஏம்பா, எதிர் வரிசையிலே நாலு ரூம் வீடு, தோட்டம் வேற இருக்கு, விலையும் கம்மிங்கிறே, அப்புறம் எதுக்கு இந்த மூணு ரூம் வீட்டையே புடிச்சிக்கிட்டு நிக்கிறே?" என்பார் தகப்பனார். "இல்லப்பா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற எலிமெண்டரி ஸ்கூல். இந்தப் பக்கம் வாங்கினாத்தான் ஒன்பது ரேட்டிங்," என்பான் மகன். பள்ளி எங்கே இருந்தாலும் வேன் வாசலுக்கு வந்து நிற்கும் என்ற பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, பள்ளிக்குக் கட்டுவது தனிக் கணக்கு, வீட்டுக்குக் கொடுப்பது தனிக் கணக்கு. மகன் குடியிருக்கும் தேசத்தில் இரண்டும் ஒரே கணக்காகிவிட்ட வரலாற்றைத் தெரிந்துகொண்டாலொழிய அந்தப் பிடிவாதத்தின் நியாயம் புலப்படாது.

அந்த நாடு முழுவதும் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலும் நகராட்சியினின்றும் வேறான, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையின் கீழ் இயங்கும், வரி விதிக்கவும் உபாத்தியாயர்களை நியமிக்கவும் அதிகாரம் பெற்ற ஒரு ஸ்தாபனம். அந்த மாவட்டத்துக்குள் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இன்ன தெரு முதல் இன்ன தெரு வரை என்று ஓர் எல்லை வகுக்கப்படுகிறது. கிண்டர்கார்டனில் ஐந்து வயதில் நுழையும் குழந்தை, பெரும்பாலான இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையில், அதாவது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், அந்தப் பள்ளியில் படிக்கும். பிறகு எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி என்பதையும் பல ஊர்களில் அதே முகவரியே நிர்ணயித்துவிடுகிறது. எல்லைக் கோடு சில இடங்களில் ஓர் ஓடையை ஒட்டியோ இருப்புப் பாதையை ஒட்டியோ போகும்; சில இடங்களில் சாதாரணமான ஒரு தெருவின் நடுவே போகும். அத்தகைய தெருவில் எதிரெதிர் வீடுகளில் வசிக்கும் இரண்டு சிறுவர்கள் மாலையில் ஒரே பந்தை உதைத்து விளையாடுவார்கள். காலையில் வெவ்வேறு திசையில் போவார்கள்.

இந்தக் கோட்டை முதலில் வரைந்தவர்களின் உத்தேசம் தூயதாகவே இருந்தது. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647-ஆம் ஆண்டிலேயே, 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்றும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவ வேண்டும் என்றும் சட்டம் செய்தார்கள். ஊரின் பிள்ளைகளுக்கு ஊரே பொறுப்பு என்ற கொள்கை அன்று ஊன்றப்பட்டது. பின்னர், மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், கிளாரன்ஸ் பெர்ரி என்ற நகர அமைப்பு அறிஞர் 1929-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நடுவில் ஒரு தொடக்கப் பள்ளி, அதைச் சுற்றி ஏறக்குறைய 160 ஏக்கரில் வீடுகள், போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலைகள் ஓரங்களில் மட்டும். எந்தக் குழந்தையும் ஆபத்தான சாலையைக் கடக்காமல் கால் மைல், அரை மைல் நடந்து பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்பது அவருடைய கருத்து. பிற்காலத்தில் எழுந்த எண்ணற்ற புறநகர்களின் அமைப்பில் இந்தக் கருத்தின் சாயலைக் காணலாம். குழந்தையின் கால் வலிக்கக் கூடாதே என்று வரையப்பட்ட கோடு, காலக்கிரமத்தில் குடும்பங்களின் வருமானத்தைப் பிரிக்கும் வேலியாக மாறிவிட்டது.

மாறியதற்கு முதற்காரணம் வரி. பள்ளிகளுக்காகச் செலவாகும் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு உள்ளூரிலேயே திரட்டப்படுகிறது. அதில் மிகப் பெரும்பகுதி வீட்டு வரி, நில வரி. டெக்சாஸ், நியூ ஜெர்ஸி போன்ற மாநிலங்களில் பல ஊர்களில் இந்த வரி ஆண்டுதோறும் சொத்தின் மதிப்பில் இரண்டு சதவிகிதத்தை ஒட்டியிருக்கும். 6,00,000 டாலர் பெறுமான வீட்டுக்கு அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 12,000 டாலர், அதாவது கடன் தவணைக்கு மேல் மாதம் 1,000 டாலர் என்றாகிறது. வீட்டு மதிப்பு உயர்ந்த ஊரில் குறைந்த விகிதத்திலேயே நிறையப் பணம் சேர்கிறது. மதிப்புக் குறைந்த ஊர் எவ்வளவு விகிதம் விதித்தாலும் பை நிரம்புவதில்லை.

இதற்கு உதாரணமாக, டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துப் பள்ளி மாவட்டங்கள் இரண்டின் கணக்கு அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மெக்சிகோ வமிசாவளியைச் சேர்ந்த ஏழைகள் மிகுதியாக வசித்த எட்ஜ்வுட், 1967-68 கல்வியாண்டில் 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் 5 சென்ட் வரி விதித்துத் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு 26 டாலரே அளித்தது. செல்வர்கள் வசித்த அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் மட்டுமே விதித்துத் தலைக்கு 333 டாலர் அளித்தது. அதிகம் கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைவு, குறைவாகக் கொடுத்தவன் பிள்ளைக்கு அதிகம் என்ற இந்த விபரீதத்தை எதிர்த்து எட்ஜ்வுட் வாசியான டெமெட்ரியோ ராட்ரிகெஸும் மற்றப் பெற்றோர்களும் தொடுத்த வழக்கில், கல்வி என்பது அரசியல் சட்டம் உத்தரவாதம் அளிக்கும் அடிப்படை உரிமை அன்று என்று 1973-இல் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று தீர்ப்பளித்தார்கள். அன்று முதல் இந்தப் பிணிக்குப் பரிகாரம் தேடும் பொறுப்பு ஒவ்வொரு மாநிலத்தின் தலையிலும் விழுந்தது.

ஆனால் வரி மட்டுமே காரணமாயிருந்தால், ஒரே பள்ளி மாவட்டத்துக்குள் இரண்டு தெருக்களுக்கிடையே விலை வேறுபடுவானேன்? இரு பள்ளிகளுக்கும் பணம் ஒரே பொக்கிஷத்திலிருந்துதானே வருகிறது? இந்தக் கேள்வியைச் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் எடுத்துக்கொண்டு, பாஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தொடக்கப் பள்ளி எல்லைக் கோட்டின் இரு மருங்கிலும் விற்பனையான வீடுகளை மட்டும் ஒப்பிட்டு, 1999-இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரே அக்கம்பக்கம், ஒரே வரி, ஒரே காற்று. வேறுபாடு பள்ளி ஒன்றே. தேர்வு மதிப்பெண் 5 சதவிகிதம் உயர்ந்தால் பெற்றோர் வீட்டு விலையில் 2.5 சதவிகிதம் கூடுதலாகத் தரச் சித்தமாயிருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. மேலே சொன்ன 6,00,000 டாலர் வீட்டில் அது 15,000 டாலர். ரசீது கொடுக்கப்படாத பள்ளிச் சம்பளம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. இந்தச் சம்பளத்தில் ஒரு விசேஷமும் உண்டு: குழந்தை படித்து முடித்தபின் வீட்டை விற்றால், பள்ளியின் பெயர் கெடாதிருக்கும் பட்சத்தில், கட்டிய பணம் திரும்பக் கைக்கு வரும். ஆகவே, கொடுக்க வல்லவனுக்கு அது செலவன்று, முதலீடு. முன்பணம் திரட்ட இயலாதவனுக்கோ தாண்ட முடியாத சுவர்.

அந்தச் சுவரைச் சந்தை மட்டும் எழுப்பவில்லை. சர்க்காரும் சட்டமும் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கின்றன. இன்ன பகுதியில் தனி வீடுகள்தான் கட்டலாம், அடுக்குக் குடியிருப்புகள் கூடாது என்று ஊர்கள் விதிக்கும் கட்டுப்பாடு செல்லும் என்று 1926-இலேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 1930-களில் வீட்டுக் கடனுக்காக நகரங்களைத் தரம் பிரித்து வரைந்தபோது, கறுப்பர்கள் வசித்த பகுதிகள் சிவப்பு மை பூசப்பட்டுக் கடனுக்கு அபாயமானவை என்று ஒதுக்கப்பட்டன. கான்சாஸின் டோபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி, வீட்டுக்குச் சமீபத்தில் சம்னர் பள்ளி இருந்தும், இருப்புப் பாதைகளைக் கடந்து சென்று பஸ் பிடித்து மன்றோ பள்ளிக்குப் போக வேண்டியிருந்த கொடுமையே, நிறம் பார்த்துப் பள்ளி பிரிப்பது செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டின் பிரசித்தி பெற்ற தீர்ப்புக்கு அடிகோலிய வழக்குகளுள் ஒன்றாயிற்று. ஆனால் வெள்ளையர் பலர் நகரை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, டெட்ராய்ட் நகரத்துப் பிள்ளைகளையும் அதைச் சூழ்ந்த 53 புறநகர் மாவட்டங்களின் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்கும் திட்டத்தை அதே நியாயஸ்தலம் 1974-இல் மறுத்தது. வேற்றுமையை உண்டாக்கியதாக நிரூபிக்கப்படாத மாவட்டத்தை அதன் எல்லைக்கு வெளியே இழுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நிறம் பேசிய இடத்தில் முகவரி பேசத் தொடங்கியது.

முகவரியைப் பற்றிப் பொய் சொன்னால் தண்டனையும் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்துத் தாய் ஒருத்தி, தன் தகப்பனார் வீட்டு முகவரியைக் காட்டிப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் பெண் குழந்தைகளைச் சேர்த்த குற்றத்துக்காக, 2011-இல் சில நாட்கள் சிறையில் இருக்க நேர்ந்தது. தேசமெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு மாநில ஆளுநர் அவளுடைய குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். கடையில் பொருள் திருடினால் தண்டனை. இலவசம் என்று எழுதிவைத்த ஒன்றை எடுத்ததற்கும் தண்டனை என்றால், அது இலவசமன்று என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு?

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது எதை என்று இனிப் பார்க்க வேண்டும். 2001-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைத்து முடிவுகளைப் பகிரங்கப்படுத்தச் சொல்லிற்று. அந்த எண்களை எடுத்து ஒன்றிலிருந்து பத்து வரை தரம் போட்டுக் காட்டும் கிரேட் ஸ்கூல்ஸ் என்ற நிறுவனம் அதற்கு முன்பே, 1998-இல், தோன்றியிருந்தது. அதன் தரவெண் இன்று வீட்டு விற்பனை விளம்பரங்களில் படுக்கையறை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வீட்டுத் தரகர்களோ, இனம் பார்த்து மக்களை இன்ன பகுதிக்கென்று தள்ளிவிடக் கூடாது என்று 1968-இன் வீட்டு நியாயச் சட்டம் தடுப்பதால், "பள்ளி நல்லதா?" என்ற கேள்விக்கு வாயைத் திறக்கத் தயங்கி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே அந்த ஒற்றை எண்ணே பலருக்கு வேதவாக்காகிவிடுகிறது.

ஆனால் அந்த எண் சொல்வது பள்ளியைப் பற்றியா, பள்ளிக்கு வரும் குடும்பங்களைப் பற்றியா? சுமார் 6,00,000 மாணவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் கோல்மன் 1966-இல் சர்க்காருக்கு அளித்த அறிக்கையே, மாணவனின் தேர்ச்சியில் கட்டிடம், நூலகம், செலவு ஆகியவற்றைக் காட்டிலும் அவனுடைய குடும்பச் சூழ்நிலை அதிகமாகப் பிரதிபலிக்கிறது என்று கூறிற்று. தாயும் தந்தையும் பட்டதாரிகளாய், வீடு நிறையப் புத்தகங்களாய், மாலை வேளைகளில் தனி வகுப்புகளாய் வளரும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் உட்கார்ந்தாலும் அந்தப் பள்ளியின் சராசரி உயரும். திடகாத்திரர்கள் மட்டும் வந்து போகும் வைத்தியரைக் கைராசிக்காரர் என்று கொண்டாடுவது எப்படியோ, அப்படியே சராசரியைக் கண்டு பள்ளியைக் கொண்டாடுவதும். பிள்ளை எந்த நிலையில் வந்தான் என்பதைவிட, வந்த நிலையிலிருந்து எவ்வளவு வளர்ந்தான் என்பதே உபாத்தியாயரின் உழைப்பைக் காட்டும் அளவுகோல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் அவ்வாறு அளந்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சராசரி மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்த சிகாகோ நகரத்துப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான வளர்ச்சி பெற்றதாகத் தெரியவந்தது. தரவெண் போடும் நிறுவனமும் 2017 முதல் வளர்ச்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. ஆகையால் வீடு பார்ப்பவர் மொத்த எண்ணோடு நின்றுவிடாமல், அதன் உட்பிரிவில் வளர்ச்சி என்று குறித்திருப்பதைத் தேடிப் படிப்பது விவேகம்.

வேறு சில எச்சரிக்கைகளும் அனுபவசாலிகள் சொல்வதுண்டு. தபால் முகவரியில் உள்ள ஊரின் பெயரை நம்பி முன்பணம் கட்டிவிடக் கூடாது. சான் ஹோசே என்று தபால் எழுதப்படும் வீடுகள் பல கூப்பர்டினோ பள்ளி மாவட்டத்துக்குள் வருகின்றன. ஃபிரிஸ்கோ என்ற ஒரே நகரத்துக்குள் நான்கு வெவ்வேறு பள்ளி மாவட்டங்கள் குறுக்கிடுகின்றன. விற்பவரின் விளம்பரத்தில் கண்ட பள்ளிப் பெயரும் பிரமாணம் அன்று. வீட்டு எண்ணைச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலேயே கேட்டு ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும். எல்லைக்குள் வீடு இருந்தும் வகுப்பு நிரம்பிவிட்டால், புதிதாக வந்த குழந்தையை மற்றொரு பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் சில மாவட்டங்களில் உண்டு. அதையும் அப்போதே விசாரித்துவிடுவது நலம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கோடு நிரந்தரம் அன்று என்பதை மறவாதிருத்தல். ஃபிரிஸ்கோ 1990-இல் 6,000 பேரைச் சற்றே தாண்டிய சிற்றூர். 2020-இல் அதன் ஜனத்தொகை 2,00,000. அப்படி வளரும் ஊரில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைகள் திருத்தி வரையப்படுகின்றன. முப்பது வருஷக் கடனில் வாங்கிய வீடு மூன்றாம் வருஷத்தில் வேறு பள்ளிக்குரியதாக மாறிவிடக் கூடும். பள்ளிச் சபை நிறைவேற்றும் ஒரு தீர்மானம் போதும். வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது. கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆறு ஆண்டுகளுக்காக முப்பது ஆண்டுக் கடனைச் சுமப்பவர்கள், அதே எல்லைக்குள் அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருந்தாலும் பள்ளியில் அதே இடம் கிடைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். விசாவின் கதி நிச்சயமில்லாத நம்மவர் பலர் அந்த வழியையே பின்பற்றுகிறார்கள். மேலும், நல்ல எல்லையைத் தேடி வெகுதூரம் போய்விட்டு, தகப்பன் தினந்தோறும் மூன்று மணி நேரம் காரில் கழித்தால், குழந்தைக்குப் பள்ளியால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு சாலையிலேயே கரைந்துபோகும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பரிகாரங்கள் முயலப்படாமல் இல்லை. டெக்சாஸ் மாநிலம் 1993 முதல் பணக்கார மாவட்டங்களின் உபரி வரியை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ராபின் ஹூட் என்றே பெயர் வந்துவிட்டது. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1971-இலேயே உள்ளூர்ச் சொத்தின் மதிப்பைக் கொண்டு கல்விச் செலவை நிர்ணயிப்பது நியாயமன்று என்று கூறியதன் பேரில், அங்கே மாநில சர்க்காரே பெரும்பாலான பணத்தைப் பகிர்ந்தளிக்கிறது. மாசச்சூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1981 முதல், பெற்றோர் தம் விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்தித் தர, பல தரத்துப் பிள்ளைகளும் கலந்திருக்குமாறு நகரமே இடம் ஒதுக்கும் முறையைக் கைக்கொண்டது. ஆயினும் கலிபோர்னியாவில் பணம் சமப்பட்ட பின்பும் கூப்பர்டினோவின் வீட்டு விலை இறங்கவில்லை. பெற்றோர் தேடுவது பணம் மட்டுமன்று. தங்கள் குழந்தைக்குப் பக்கத்தில் எந்த வீட்டுக் குழந்தை உட்காரும் என்பதையும் அவர்கள் விலை பேசுகிறார்கள்.

அந்த விலையே கடைசியில் பள்ளியைத் தின்னத் தொடங்குகிறது என்பது கூப்பர்டினோ கற்பித்த பாடம். பள்ளிக்காக விலை ஏறி, ஏறிய விலையில் சிறு குழந்தைகளை உடைய இளம் தம்பதிகள் நுழைய முடியாமல் போய், பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்களே வீடுகளில் தங்கிவிட, மாணவர் தொகை ஆண்டுக்காண்டு சரிந்தது. தேசம் முழுதும் பொறாமையோடு பார்த்த அந்த மாவட்டத்தில் சில தொடக்கப் பள்ளிகளையே 2022-இல் மூடினார்கள்.

தன் குழந்தைக்கு நல்ல பள்ளியைத் தேடும் பெற்றோரைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இந்தக் கட்டணத்தின் சுபாவத்தை அறிந்துகொண்டால், அதைக் குறைக்கும் வழியும் தெரியவரும். கோட்டுக்கு உள்ளே இருக்கும் பள்ளி சிறந்தது என்பதற்காக மட்டும் யாரும் 15,000 டாலர் அதிகம் கொடுப்பதில்லை. வெளியே இருக்கும் பள்ளி அதைவிடத் தாழ்ந்தது என்று நம்புவதால் கொடுக்கிறார்கள். வித்தியாசத்துக்குத்தான் விலை. அடுத்த எல்லையில் உள்ள பள்ளிக்கும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் போதிய பணமும் கிடைத்துவிட்டால் அந்த வித்தியாசம் சுருங்கும். சுருங்கிய அளவுக்கு வீட்டுக் கடனும் சுருங்கும். வீடு வாங்கியதோடு காரியம் முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், எல்லை வரையப்படும் பள்ளிச் சபைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, தன் பள்ளிக்காக மட்டுமன்றி எதிர் வரிசைப் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் வாதாடுகிற பெற்றோர், தருமம் செய்வதோடு தம் பேரப்பிள்ளைகள் கட்ட வேண்டிய கட்டணத்தையும் இப்போதே குறைத்து வைக்கிறார்கள்.